கியர்பாக்ஸை இறக்கினால்தான் தெரியும்

1

காரில் வரும் பழுதுகளில் பலவற்றை நாமே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். டயர் தேய்ந்திருப்பது குனிந்து பார்த்தால் தெரியும். பேட்டரி செத்துப்போனது சாவியைத் திருப்பினால் தெரியும். பிரேக் பேடைக்கூட சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிடலாம். கிளட்ச் அப்படி இல்லை. அது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, பெல் ஹவுசிங் என்கிற அலுமினியக் கூட்டுக்குள், வெளிச்சமே படாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஆனால் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதுதான் கிளட்ச் மாற்றும் வேலையே. நடுவில் பழைய பிளேட்டை எடுத்துவிட்டுப் புதுசை வைப்பது ஆறு போல்ட் சமாச்சாரம்.

இதன் பொருள் என்னவென்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மெக்கானிக் ஒருவர் நம்மிடம், “கிளட்ச் போயிடுச்சு சார், மாத்தணும்” என்கிறார். அவர் சொல்வது உண்மையா என்று சோதிக்க ஆகும் உழைப்பும், அவர் சொன்ன வேலையைச் செய்து முடிக்க ஆகும் உழைப்பும் ஏறக்குறைய ஒன்று. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளும் செலவிலேயே வேலையும் முடிந்துவிடும். இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டிக் கருத்துக் கேட்கலாமே என்றால், அவரும் திறந்து பார்க்காமல்தான் சொல்லப்போகிறார்.

வீட்டு வாசலிலேயே காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, தாங்களே கிளட்ச் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இது பழைய பழக்கம். அங்கே கூலி அதிகம், வீட்டோடு ஷெட் இருக்கும், அப்பாவிடமிருந்து மகன் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொள்வான். நம் ஊரில் இது அரிது. காசு மிச்சம் பிடிப்பதற்காக என்று வெளியே சொன்னாலும், பேச்சு கொஞ்சம் நீண்டால் வேறொரு காரணம் வெளியே வரும்: “எவனையும் நம்ப முடியல.”

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைப் பற்றியது. ஒருவரை நம்பாமல் இருப்பதற்கு எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது? அவ்வளவு உழைத்த பிறகு கையில் மிஞ்சுவது என்ன?

2

இந்தச் சிக்கல் காருக்கு ரொம்ப முந்தியது. பிளேட்டோவின் ‘கார்மிடீஸ்’ உரையாடலில் சாக்ரட்டீஸ் இதைத்தான் கிளறுகிறார். உண்மையான மருத்துவரையும் மருத்துவர்போல நடிப்பவரையும் பிரித்தறிய யாரால் முடியும்? மருத்துவம் தெரிந்தவரால்தான் முடியும். மருத்துவம் தெரிந்தவருக்கோ மருத்துவரே தேவைப்படாது. தேவைப்படுகிறவருக்குப் பிரித்தறியத் தெரியாது. அறிவு எங்கே வேண்டுமோ அங்கே இல்லை.

1973இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இந்த நிலைமைக்கு ஒரு பெயர் வைத்தார்கள். சில பொருட்களின் தரம் வாங்கும் முன்பே தெரியும். சட்டைத் துணியைத் தொட்டுப் பார்க்கலாம். சிலவற்றின் தரம் பயன்படுத்திய பிறகு தெரியும். ஹோட்டல் சாப்பாடு மாதிரி. மூன்றாவது வகை ஒன்று உண்டு. வாங்கிப் பயன்படுத்திய பிறகும், நமக்கு அது தேவைப்பட்டதா இல்லையா என்று தெரியவே தெரியாது. மருத்துவம், வக்கீல் ஆலோசனை, வண்டிப் பழுது எல்லாம் இந்த வகை. இதை ‘நம்பிக்கைச் சரக்கு’ என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். புது கிளட்ச் போட்ட வண்டி நன்றாக ஓடும், சரி. ஆனால் பழைய கிளட்ச் இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்குமா என்பதை அந்த நல்ல ஓட்டம் சொல்லாது.

வள்ளுவர் இதற்கென்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், 51ஆவது, தெரிந்துதெளிதல். ஆளை ஆராய்ந்து பார்த்த பிறகு நம்புவது பற்றிய பத்துக் குறள்கள். அதன் கடைசிக் குறள் இரண்டு தவறுகளை ஒரே தராசில் வைக்கிறது. ஆராயாமல் ஒருவரை நம்புவது ஒன்று. ஆராய்ந்து நம்பிய பிறகும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பது இன்னொன்று. இரண்டுமே ஓயாத தொல்லை என்கிறார். இரண்டாவது தவறை நாம் தவறாகவே எண்ணுவதில்லை. அதற்கு ‘உஷார்’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஆனால் இந்த அதிகாரம் பொருட்பாலில் இருக்கிறது. அங்கே ஆராய்கிறவன் அரசன், ஆராயப்படுகிறவன் அவனிடம் வேலைக்கு வருகிறவன். அரசனுக்கு ஒற்றர்கள் உண்டு, கால அவகாசம் உண்டு, தண்டிக்கும் அதிகாரமும் உண்டு. வழியில் வண்டி நின்று, கொளுத்தும் வெயிலில் பட்டறை வாசலில் நிற்கும் நமக்கு இதில் எதுவும் கிடையாது. இருந்தாலும் நாம் அரசனின் தோரணையில்தான் மெக்கானிக்கைப் பார்க்கிறோம். அங்கே உண்மையில் அறிவும் அதிகாரமும் அவரிடம் இருக்கின்றன. பணமும் தோரணையும் நம்மிடம். இந்தக் கோணல்தான் பட்டறையில் நடக்கும் பாதிப் பேச்சுவார்த்தைகளைக் கெடுக்கிறது.

3

முதலில் கிளட்ச் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். எஞ்சினின் கடைசியில் ஃப்ளைவீல் என்ற கனமான இரும்புத் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும். அதன்மேல் பிரஷர் பிளேட் ஆறு போல்ட்டில் பூட்டப்பட்டிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கி நிற்பதுதான் கிளட்ச் பிளேட். இருபுறமும் உராய்வுப் பொருள் ஒட்டி ரிவெட் அடித்த ஒரு வட்டத் தட்டு, அதன் நடுவில் பல் வைத்த ஓட்டை, அந்த ஓட்டைக்குள் கியர்பாக்ஸின் ஷாஃப்ட். காலை எடுத்துவிட்டால் ஸ்பிரிங் அழுத்தி, மூன்றும் ஒன்றாகச் சுற்றும், வண்டி நகரும். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் ஸ்பிரிங்கைத் தள்ளும், பிடி தளரும், எஞ்சின் தனியாகவும் சக்கரம் தனியாகவும் ஆகிவிடும். கிளட்சின் இயல்பு பிடித்துக்கொள்வது. விடச் சொல்லத்தான் நாம் மிதிக்க வேண்டும்.

பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும் அந்த அரை நொடியில்தான் பிளேட் தேய்கிறது. சிக்னலில் ஆஃப் கிளட்சில் நிற்பது, மேம்பாலத்து ஏற்றத்தில் பிரேக்குக்குப் பதிலாக கிளட்சால் வண்டியைத் தாங்குவது, பெடல்மேல் சும்மா கால் வைத்துக்கொண்டு ஓட்டுவது எல்லாம் அதைத் தின்னும். ரொம்பத் தேய்ந்துபோனால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் கத்தும், வண்டி வேகம் எடுக்காது, கருகிய வாடை வரும். இதை ஸ்லிப் என்பார்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, டாப் கியரில் போட்டு கிளட்சை விட்டால் நல்ல வண்டி அணைந்துவிடும். ஸ்லிப் ஆகும் வண்டி அணையாமல் ஓடும்.

இந்தச் சோதனை ஸ்லிப் இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும், ஏன் என்று சொல்லாது. பிளேட் தேய்ந்திருக்கலாம். பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். எஞ்சின் பின்பக்கத்து ஆயில் சீல் கசிந்து பிளேட் எண்ணெயில் ஊறியிருக்கலாம். கேபிள் கிளட்ச் உள்ள பழைய வண்டியில், கேபிள் ரொம்ப இறுக்கமாக இருப்பதேகூடக் காரணமாகலாம். அதைச் சரிசெய்வது சில நிமிட வேலை. ஒரே அறிகுறிக்கு, சில நிமிட வேலையும் ஒரு நாள் வேலையும் விடைகளாக இருக்க முடியும். ஏமாற்றுகிறவருக்கு இது வசதியான இடம். நேர்மையானவருக்கோ தன் நேர்மையை நிரூபிக்க வழியில்லாத இடம்.

என் மச்சானிடம் 2007 மாடல் மாருதி 800 ஒன்று இருக்கிறது. 1983இல் வந்து 2014இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. 796 சிசி எஞ்சின், முன்சக்கர ஓட்டம், கேபிள் கிளட்ச். கியர்பாக்ஸ் சின்னது, இரண்டு பேர் கையிலேயே இறக்கிவிடலாம். வீட்டில் கிளட்ச் மாற்றிப் பழக வேண்டும் என்றால் இதைவிடத் தோதான வண்டி நம் ஊரில் கிடையாது. வண்டி ஸ்லிப் ஆக ஆரம்பித்ததும் தெருமுனைப் பட்டறை அண்ணன் ஓட்டிப் பார்த்தார், கேபிளைத் தளர்த்திப் பார்த்தார், பிறகு சொன்னார்: “கேபிள்ல ஒண்ணும் இல்ல தம்பி. செட்டாவே மாத்திருங்க. பிளேட்டு, பிரஷர் பிளேட்டு, பேரிங்கு மூணும். அப்படியே ஆயில் சீலும் போட்டுருவோம்.”

மச்சான் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, “பிளேட்டுதான் தேஞ்சிருக்குன்னா எதுக்கு மாப்ள நாலு சாமான்? நாமளே இறக்கிப் பாத்துருவோம்” என்றான். வேலை இப்படித்தான் தொடங்கியது.

4

சனி, ஞாயிறு இரண்டு நாளும் போயின. பேட்டரி ஒயரைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், கியர் ராடு, ஸ்டார்ட்டர் மோட்டார் ஒவ்வொன்றாகப் பிரித்து, முன்சக்கர ஷாஃப்ட் இரண்டையும் வெளியே இழுத்து, எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, கடைசியாக பெல் ஹவுசிங் போல்ட்டுகளுக்கு வந்தோம். எந்த வீடியோவும் இதைச் சரியாகக் காட்டுவதில்லை. மேலே இருக்கும் போல்ட்டுக்குக் கை போகாது. போனால் கண் போகாது. விரல் நுனியால் தடவித்தான் ஸ்பேனரை உட்கார வைக்க வேண்டும். மல்லாந்து படுத்திருக்கும்போது மண்ணும் கிரீஸும் நேராக முகத்தில் விழும். பட்டறையில் அண்ணன் ஏன் எப்போதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டே பேசுகிறார் என்பதற்கு எனக்கு ஒரு விளக்கம் அன்றைக்குக் கிடைத்தது.

கியர்பாக்ஸ் கீழே வந்தது. பிரஷர் பிளேட்டைக் கழற்றினோம். பழைய உராய்வுப் பொருட்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்த காலம் உண்டு என்பதால், உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்று படித்திருந்தோம். துடைத்துவிட்டு, பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மச்சான் எதிர்பார்த்தது இரண்டில் ஒன்று: முழுசாகத் தேய்ந்து ரிவெட் வெளியே வந்திருக்கும், அல்லது புதுசு மாதிரி இருக்கும், அண்ணன் பொய் சொல்லியிருப்பார்.

இரண்டும் இல்லை. ரிவெட் தலைக்கு மேலே கொஞ்சம் சதை பாக்கி இருந்தது. ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தது. பிரஷர் பிளேட்டில் சூட்டில் நீலம் பாரித்த திட்டுகள் இருந்தன. சீல் ஓரத்தில் ஈரம் இருந்தது. அது கசிவா வெறும் கசிவின் ஆரம்பமா என்று சொல்ல முடியவில்லை. கண்ணெதிரே எல்லாம் இருக்கிறது. இருந்தும், “இதை மாற்றியே ஆக வேண்டுமா?” என்ற கேள்விக்கு அந்தச் சாமான்கள் பதில் சொல்லவில்லை.

எதையும் கண்ணால் பார்த்துவிட்டால் உண்மை தெரிந்துவிடும் என்பது பார்க்காதவர்களின் நம்பிக்கை. திறந்து பார்த்தால் கிடைப்பது தகவல். அதைத் தீர்ப்பாக்க அனுபவம் வேண்டும். நூறு பிளேட் பார்த்த கண்ணுக்கு அந்த நீலத் திட்டு ஒரு வாக்கியம். முதல் பிளேட்டைப் பார்க்கும் கண்ணுக்கு அது வெறும் நீலம்.

அப்போதுதான் அண்ணன் சொன்ன நாலு சாமான் கணக்கும் புரிந்தது. கிளட்ச் வேலையில் அதிகம் செலவாவது இறக்கி ஏற்றும் உழைப்பு. பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு, ஆறு மாசத்தில் ரிலீஸ் பேரிங் கத்த ஆரம்பித்தால், அந்தச் சின்ன பேரிங்குக்காக மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டும். சீல் கசிந்தால் புது பிளேட்டும் எண்ணெயில் ஊறும், மறுபடி இறக்க வேண்டும். பாதி உயிர் இருந்தாலும், திறந்த கையோடு எல்லாவற்றையும் மாற்றிவிடுவதுதான் வாடிக்கையாளருக்கு லாபம். வெளியே நின்று பார்க்கும்போது பில்லை ஏற்றும் தந்திரமாகத் தெரிந்தது, உள்ளே படுத்துப் பார்க்கும்போது அக்கறையாகத் தெரிந்தது. இதன் மறுபக்கமும் உண்மை. பிளேட்டை மட்டும் மாற்றிக் குறைந்த பில் போடும் மெக்கானிக் நமக்கு நல்லவராகத் தெரிவார். அடுத்த வருஷம் அவரிடம் நாம் இன்னொரு தடவை லேபர் கொடுப்போம்.

அப்படியானால் பில்லின் கனத்தை வைத்து நேர்மையை அளக்கும் நம் பழக்கம் ஒன்றுக்கும் உதவாது. நேர்மையான யோசனையும் பேராசையும் ஒரே தொகையில் வந்து நிற்க முடியும்.

5

மெக்கானிக்குகள் யாரும் ஏமாற்றுவதில்லை என்று நான் சொல்லவில்லை. மாற்றாத சாமானுக்குக் காசு வாங்குகிறவர்கள், டூப்ளிகேட்டைப் போட்டு ஒரிஜினல் விலை சொல்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். என் கேள்வி, நம் சந்தேகம் எந்தத் திசையில் பாய்கிறது என்பது.

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அசல் உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தாராளமாகக் கிடைக்க விடாமல், தங்கள் சொந்த வலைப்பின்னலுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டின் சாரம். வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022இல் மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக ஒரு குழு அமைத்தபோது கவனிக்க வேண்டிய துறைகளில் ஒன்றாக வாகனங்களையும் சேர்த்தது. இவை செய்தித்தாளில் வந்தவைதான். ஆனாலும் குளிரூட்டிய அறையில் காபி கொடுத்து, அச்சடித்த பில்லை நீட்டும் இடத்தில் நாம் ஒவ்வொரு வரியையும் கேள்வி கேட்பதில்லை. கிழிந்த சீட்டில் பென்சிலால் எழுதிக் கொடுப்பவரிடம், “என்னண்ணே, இவ்வளவா?” என்று ஆரம்பிக்கிறோம்.

நம் சந்தேகம் கீழ்நோக்கியே பாய்கிறது. ஆதாரம் எங்கே இருக்கிறது என்று பார்த்து அது போவதில்லை. எதிர்த்துப் பேச முடியாதவர் யார் என்று பார்த்துப் போகிறது.

இங்கேதான் மேலை நாட்டுப் புத்தகங்கள் நமக்கு அப்படியே பொருந்தாமல் போகின்றன. ராபர்ட் பிர்சிக் 1974இல் எழுதிய மோட்டார் சைக்கிள் நாவலில், கவனமே இல்லாத மெக்கானிக்குகள் வண்டியைக் கெடுத்துவிட, கதைசொல்லி தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்குகிறான். மேத்யூ கிராஃபோர்டு அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கி, வாஷிங்டனில் ஓர் ஆய்வு நிறுவன வேலையை விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்தவர். கைவேலையில் இருக்கும் அறிவைப் பற்றி 2009இல் அவர் எழுதிய புத்தகம் பெரிதும் பேசப்பட்டது. இரண்டையும் நான் விரும்பிப் படித்திருக்கிறேன். ஆனால் அந்த ஊரில் கையில் கிரீஸ் படுவது ஒரு தேர்வு, பெருமையும்கூட. நம் ஊரில் அது ஒரு மிரட்டல். “படிக்கலைன்னா மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் போகணும்” என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நாம். தண்டனையாக நமக்குக் காட்டப்பட்ட இடத்தில், வாழ்நாள் முழுக்க ஒருவர் நின்று வேலை செய்துகொண்டிருக்கிறார். அவரை எந்தக் கண்ணால் பார்க்கப் பழக்கியிருக்கிறார்கள் என்பது சொல்லாமலே விளங்கும்.

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் அல்ல, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936இல் வாதிட்டார். மெக்கானிக் வேலை காரோடு வந்த வேலை. எந்தச் சாதிக்கும் எழுதி வைத்தது இல்லை. ஆனால் வேலைதான் புதுசு, கண் பழசு. அழுக்குப்படும் கையை அறிவில்லாத கை என்று எண்ணுவதும், அறிவில்லாத கை எப்படியும் திருடும் என்று எண்ணுவதும் அந்தக் கண்ணிலிருந்து வருபவை.

இதனால் வீட்டில் கிளட்ச் மாற்றுவதை ஒரு புரட்சியாக்கவும் நான் தயாராக இல்லை. எங்களுக்கு அது இரண்டு நாள் விளையாட்டு. முடியவில்லை என்றால் பாதியில் விட்டுவிட்டுக் குளிக்கப் போகலாம். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தாமல் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது என்பது முதல் பாடம் என்பதால், ஒரு ஜோடி இரும்பு ஸ்டாண்ட் வாங்கினோம். அதன் விலையும் அண்ணன் கேட்ட லேபரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தெருமுனைப் பட்டறைகள் பலவற்றில் வண்டிக்கு அடியில் நிற்பது மரக்கட்டையும் செங்கல்லும். நாம் பேரம் பேசிக் குறைக்கும் இருநூறும் முந்நூறும் எங்கிருந்து போகிறது என்று யோசித்தால், அந்த ஸ்டாண்டிலிருந்துதான் போகிறது. பொழுதுபோக்குக்காரனுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அதே வேலையைப் பிழைப்பாகச் செய்கிறவருக்குக் கிடைப்பதில்லை. நாங்கள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டதை அவர் அரை நாளில் முடிக்கிறார் என்றால், அந்த மிச்ச ஒன்றரை நாளில் அவருடைய இருபது வருஷம் இருக்கிறது. லேபர் என்று நாம் கொடுப்பது அரை நாளுக்கா, இருபது வருஷத்துக்கா?

ஞாயிறு மதியம் ஒரு சிக்கல் வந்தது. புது பிளேட்டைப் பிரஷர் பிளேட்டுக்கு அடியில் வைத்து இறுக்கும்போது அது நட்டநடு மையத்தில் நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் உள்ளே போகாது. அதற்கு ஒரு டம்மி ஷாஃப்ட் வேண்டும். கடைகள் மூடியிருந்தன. வேறு வழியில்லாமல் நான் அண்ணனின் வீட்டுக்கே போனேன். சட்டையெல்லாம் கறுப்பாக நின்றவனைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. உள்ளே போய், துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்டை எடுத்து வந்தார். “இத வச்சு சென்டர் பண்ணிக்கோங்க. போல்ட்ட ஒரே பக்கமா இறுக்காதீங்க, எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா. கியர்பாக்ஸ ஏத்தும்போது அதோட வெயிட்ட பிளேட்டு மேல தொங்க விட்றாதீங்க தம்பி, வளைஞ்சிரும். முடிஞ்சதும் குடுத்துருங்க.” காசு கேட்கவில்லை, எதையும் அடமானமாக வைக்கச் சொல்லவுமில்லை.

அவர் எங்களை ஆராய்ந்து பார்த்து நம்பியதாகத் தெரியவில்லை. வேலை நடுவில் நிற்கிறது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது.

6

நம்பிக்கை பற்றி அனெட் பேயர் என்ற தத்துவ அறிஞர் 1986இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றைச் சார்ந்திருப்பதும் ஒருவரை நம்புவதும் வேறு என்பது அதில் அவர் காட்டும் வேறுபாடு. நாற்காலி உடைந்தால் ஏமாற்றம்தான் வரும். நாற்காலி துரோகம் செய்தது என்று யாரும் அழுவதில்லை. நம்பியவர் கைவிட்டால் வருவது துரோக உணர்வு. நம்பும்போது நமக்குத் தீங்கு செய்யும் வாய்ப்பையும் சேர்த்தே ஒருவர் கையில் கொடுக்கிறோம், அவர் அதைச் செய்ய மாட்டார் என்று எண்ணி.

தானே செய்துகொள்கிறவரின் கனவு, நம்பிக்கை என்ற இந்த ஆபத்திலிருந்து முழுசாகத் தப்பித்து, வெறும் பொருட்களை மட்டும் சார்ந்திருப்பது. அது நடக்கிற காரியமா? அந்த இரண்டு நாளும் நாங்கள் யாரையெல்லாம் நம்பினோம் என்று எண்ணிப் பார்த்தேன். இரும்பு ஸ்டாண்டை வெல்டிங் செய்தவரை. பெட்டிக்குள் இருப்பது டூப்ளிகேட் இல்லை என்ற ஸ்பேர் கடைக்காரரை. முகம் தெரியாத ஒருவர் போட்ட வீடியோவை. சர்வீஸ் மேனுவலை எழுதிய பொறியாளரை. கடைசியில், யாரை நம்ப முடியாது என்று ஆரம்பித்தோமோ அவரையே. ஒருவரிடமிருந்து பிடுங்கிய நம்பிக்கையைப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். அதில் முக்கால்வாசிப் பேரைப் போய்ப் பார்த்துச் சண்டைகூடப் போட முடியாது. தெருமுனை அண்ணனை மறுநாள் காலையிலேயே பார்க்கலாம்.

அப்படியானால் யாரும் எதையும் கற்றுக்கொள்ளாமல் எல்லாரையும் நம்பிவிட வேண்டுமா? அதுவும் இல்லை. தத்துவ அறிஞர் ஒனோரா ஓ’நீல் 2002இல் பிபிசியின் ரீத் உரைகளில் இதைப் பற்றிப் பேசினார். நம்பிக்கை குறைந்துவிட்டது, அதை அதிகமாக்க வேண்டும் என்று எல்லாரும் புலம்புகிறோம். அதிகமாக நம்புவது ஒரு குறிக்கோளே அல்ல. நம்பத் தகுந்தவரை நம்பவும் தகாதவரை நம்பாமல் இருக்கவும் தெரிவதுதான் வேண்டியது என்பது அவர் வாதம். வள்ளுவரின் அதிகாரத் தலைப்பும் கிட்டத்தட்ட இதுதான். தெரிந்து, பிறகு தெளிதல்.

ஒரு தடவை கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்ததன் பயன் எனக்கு இங்கேதான் தெரிகிறது. இனி எந்த மெக்கானிக்கும் வேண்டாம் என்ற சுதந்திரம் கிடைக்கவில்லை. அந்த வேலையை இன்னொரு முறை செய்ய எனக்கு ஆசையும் இல்லை. கிடைத்தது, கேள்வி கேட்கத் தெரிவது. “கேபிள் ஃப்ரீ பிளே பாத்தீங்களா அண்ணே? சீல் ஈரமா இருக்கா? ஃப்ளைவீல் முகம் எப்படி இருக்கு?” என்று கேட்பதும், “என்னண்ணே இவ்வளவா?” என்று கேட்பதும் ஒரே சந்தேகத்தின் இரண்டு வடிவங்கள் இல்லை. முதலாவது அவருடைய அறிவை அறிவு என்று ஏற்றுக்கொண்ட பிறகு எழும் கேள்வி. அதற்கு நல்ல மெக்கானிக் சந்தோஷமாகப் பதில் சொல்வார், மோசமானவர் எரிச்சல்படுவார். சோதனைக்கு அதுவே ஓரளவு போதும். இரண்டாவது கேள்விக்கு இருவரும் ஒரே மாதிரிதான் சிரிப்பார்கள்.

எல்லாரும் மல்லாந்து படுத்துத்தான் இதைக் கற்க வேண்டும் என்பதும் இல்லை. வேலை நடக்கும்போது பட்டறையில் ஒரு மணி நேரம் நின்று பார்க்கலாம். நாம் அதைச் செய்வதில்லை. வண்டியை விட்டுவிட்டு, “சாயந்திரம் போன் பண்ணுங்க” என்று போய்விடுகிறோம். பிறகு நடந்தது எதையும் பார்க்கவில்லையே என்று சந்தேகப்படுகிறோம். பார்க்காமல் இருப்பது நம் வசதி. அந்த வசதிக்கான பழியை மட்டும் அவர் தலையில் வைக்கிறோம்.

சில மெக்கானிக்குகளிடம் ஒரு பழக்கம் உண்டு. நாம் கேட்காமலே, மாற்றிய பழைய சாமானைச் செய்தித்தாளில் சுற்றி டிக்கியில் போட்டுவிடுவார்கள். அந்தப் பழைய பிளேட் நமக்கு எதற்கும் உதவாது, பழைய இரும்புக்குப் போட்டால் நாலு காசு வரும். ஆனாலும் அது ஒரு செய்தி: நான் சொன்னதை நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம், அதற்கு நான் பயப்படவில்லை. நம்பத் தகுந்தவராக இருப்பதில், நம்மைச் சோதிக்க அடுத்தவருக்கு ஒரு வழி திறந்து வைப்பதும் அடங்கும்.

சந்தேகம் பிடித்தவர் இதற்கும் பதில் வைத்திருப்பார்: அது வேறு யாரோ வண்டியின் பழைய பிளேட்டாக இருந்தால்? இருக்கலாம். இந்த இடத்தில் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. இதற்கு மேல் போக வேண்டுமென்றால் மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அல்லது பிளேட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ரிவெட்டுக்கு மேல் எவ்வளவு சதை இருக்கிறது என்று விரலால் தடவிவிட்டு, சொன்ன லேபரைக் கொடுத்துவிட்டு வரலாம்.